போனில் படம் திருத்துகிறவர்களுக்கு ஒரு பழங்கதை

"தம்பி, இதைக் கொஞ்சம் வெளிச்சமாக்கித் தா", "பக்கத்தில நிக்கிற ஆளை எடுத்துவிடு", "நாளைக்குப் பேப்பருக்குக் குடுக்க வேணும்." மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது எனக்கு வட்ஸ்அப்பில் இப்படி வரும். பெரும்பாலும் அஞ்சலிப் படங்கள், சிலவேளை கல்வெட்டுக்கு. பாரிசில் ரெஸ்ரோரன்ட் குசினியில் நிற்கிறவனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று எங்கட சனத்துக்கு ஒரு நம்பிக்கை.

இப்போது எல்லாருடைய போனிலும் இந்தப் பொத்தான்கள் இருக்கின்றன. நீங்களே செய்யலாம். ஆனால் இவை போனோடு பிறந்தவை அல்ல, நூற்றைம்பது வருசத்துக்கும் மேலான கைவேலைகள். அந்தக் கதை தெரிந்தால் எதை அழுத்துவது, எதில் கைவைக்காமல் விடுவது என்பது தானாக விளங்கும்.

வானத்தில் இருந்து தொடங்குகிறேன். 1850களில் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தார்கள். அதில் பூசிய மருந்து நீல ஒளிக்கு மிகவும் கூசும். கடல் சரியாக விழுந்தால் வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். குஸ்தாவ் லு கிரே என்ற பிரெஞ்சுக்காரர் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொரு நெகட்டிவ் என்று எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சடித்தார். 1857இல் அவர் செய்த கடற்படங்களில் சில இப்படி ஒட்டியவைதான். இன்று உங்கள் போனும் வெளிச்சம் கூடிய இடத்தில் உங்களைக் கேட்காமலே பல படங்களை எடுத்து ஒன்றாக்கித் தருகிறது. வேலை அதேதான்.

முகத்துக்கு வருவோம். 1855இல் இதே பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் ஹான்ஃப்ஸ்டெங்கல் என்ற ஜேர்மன்காரர் ஒரே ஆளின் இரண்டு படங்களை வைத்தார். ஒன்று எடுத்தபடி, மற்றது நெகட்டிவில் கைவேலை செய்தது. சனம் அதிசயப்பட்டது. பிறகு உலகம் முழுக்க ஸ்ரூடியோக்காரர்கள் கூர்ப் பென்சிலால் நெகட்டிவைத் தொட்டுத்தொட்டு மருவையும் சுருக்கத்தையும் மறைத்தார்கள். எங்கள் ஊர்களில் கலியாணம் பேசக் கொடுக்கும் படம் ஆளைவிட இரண்டு மடங்கு வெள்ளையாக இருக்கும், நினைவிருக்கிறதா? அந்தப் பென்சில் வேலைதான் இப்போது அழகாக்கும் ஃபில்டராகப் போனுக்குள் இருக்கிறது. செத்துப்போன மனிசனையாவது அவருடைய நிறத்தில் விடுங்கள் என்று நான் சொல்வேன். சிலர் கோபிப்பார்கள்.

எங்கட ஊர்ப் படங்களில் பொதுவான குறை வேறு. மத்தியான வெயிலில், வானம் பின்னால் இருக்க நிற்பாட்டி எடுத்திருப்பார்கள், முகம் கறுத்துக் கிடக்கும். பிரைட்னஸைக் கூட்டினால் எல்லாம் சேர்ந்து வெளிறிவிடும். அதை விட்டுவிட்டு ஷாடோ என்பதை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். இருட்டறையில் இதைக் கம்பியில் குத்திய மட்டைத்துண்டால் செய்தார்கள். தாளில் ஒளி விழும்போது முகத்துக்கு மேலே மட்டையை ஆட்டிப் பிடித்தால் அந்த இடத்தில் கறுப்புக் குறையும். போட்டோஷொப்பில் இன்றைக்கும் அந்தக் கருவியின் அடையாளம் தடியில் குத்திய மட்டை மாதிரித்தான் இருக்கும். அதை எழுதத் தொடங்கிய தோமஸ் நோல் என்பவர் தகப்பனின் நிலவறை இருட்டறையில் படம் கழுவப் பழகியவர். 1990இல் அது விற்பனைக்கு வந்தது.

எல்லாரும் முதலில் அழுத்துவது குரொப், அதாவது வெட்டு. வெட்டு என்றால் எனக்கு ஒரு படம்தான் ஞாபகம் வரும். 1960 மார்ச் 5, ஹவானா. துறைமுகத்தில் வெடித்த கப்பலில் இறந்தவர்களுக்கு அஞ்சலி நடக்கிறது. மேடைக்கு வந்த சேகுவேராவை அல்பேர்ட்டோ கோர்டா படம் பிடிக்கிறார். உலகத்தில் ரீசேட்டில் எல்லாம் இருக்கும் அந்த முகம். முழு நெகட்டிவில் ஒரு பக்கம் பனையோலை மாதிரி ஒரு மரம், மறுபக்கம் ஒரு ஆளின் பக்கவாட்டு முகம். இரண்டையும் வெட்டிய பிறகுதான் அது அந்தப் படமானது. வெட்டுப்பட்டவர் ஜோர்ஜ் மசெட்டி, ஆர்ஜென்டீனப் பத்திரிகையாளர். 1964இல் ஆர்ஜென்டீனாவின் சால்ட்டாக் காட்டில் காணாமல் போனார். உடல் கிடைக்கவில்லை.

வெட்டியது பிழையென்று நான் சொல்லவில்லை, படத்துக்கு அது தேவை. ஆனால் கோர்டா நெகட்டிவை வெட்டவில்லை. அதனால்தான் மசெட்டி இன்றைக்கும் அந்த மேடையில் நிற்கிறார்.

அழிப்பது அப்படியல்ல. மொஸ்கோக் கால்வாய்க் கரையில் ஸ்டாலினுக்குப் பக்கத்தில் நின்ற யெசோவ் 1940இல் சுடப்பட்ட பிறகு, படத்திலும் அவர் நின்ற இடத்தில் தண்ணீரை வரைந்துவிட்டார்கள். அதற்குப் பயின்ற கையும் பொறுமையும் வேண்டியிருந்தது. 2021இல் கூகுளின் பிக்சல் போனில் வந்த அழிப்பானுக்கு விரல் போதும். பின்னால் நிற்கும் குப்பைத்தொட்டிக்குப் பாவியுங்கள். ஆட்களுக்கு வேண்டாம்.

மங்கல் முகத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்கிற செயலிகளையும் நம்பாதீர்கள். படத்தில் இல்லாத கண்ணையும் பல்லையும் அது தானாக வரைந்து தருகிறது. வடிவாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் அண்ணனாக இருக்காது.

செய்முறை அதிகமில்லை. படத்தை அனுப்புகிறவரிடம் டொக்கியுமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். கூகுள் போட்டோஸில் திருத்தினால் பிரதியாகச் சேமியுங்கள். ஐபோனில் திருத்தியதைப் பழையபடி திருப்பலாம், ஆனால் வெட்டியதை மட்டும் மற்றவருக்கு அனுப்பினால் அவரிடம் திருப்ப ஒன்றும் இருக்காது. முழுப்படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

போன மாசி மாதம் கனடாவில் இருந்து ஒரு அம்மா ஐந்து பெடியள் நிற்கும் படம் அனுப்பினா. நடுவில் நிற்பவர் அவவின் மகன், வேறு படமில்லை. மகனைத் தனியாக வெட்டிக் கொடுத்தேன். மற்றவர்கள் யார் என்று கேட்டேன். மூன்று பெயர் சொன்னா. முழுப்படத்தின் கீழே நான்கு பெயர்களையும் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஓரத்தில் சாரத்தோடு நிற்கும் பெடியனை அவவுக்குத் தெரியவில்லை. கனடாவில் மற்றக் குடும்பங்களிடம் காட்டிக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறா.