பாதம் கழுவிய பாதை

ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியாப் பகுதியில், சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயம் இருக்கிறது. 1122 ஏப்ரலில் அதன் வடக்கு வாசலுக்கு எதிரே ஒரு நீரூற்று எழுந்தது. கட்டுவித்தவர் ஆலயக் கருவூலத்தின் பொறுப்பாளர் பெர்னார்து. மூன்று கல்படிகள், அவற்றின்மேல் சிப்பி போலக் குழிந்த பெரிய கல்தொட்டி, தொட்டியின் நடுவே வெண்கலத் தூண், தூணின் மேல் நான்கு சிங்கங்கள். நான்கு வாய்களிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. பதினைந்து பேர் தாராளமாக இறங்கிக் குளிக்கலாம் என்று அதே நூற்றாண்டின் வழிகாட்டி நூல் ஒன்று அந்தத் தொட்டியின் அளவைச் சொல்கிறது. குளிர்காலத்தில் வெதுவெதுப்பாகவும் கோடையில் குளிர்ச்சியாகவும் தண்ணீர் வரும் என்றும் எழுதி வைத்திருக்கிறது. தொட்டியின் அளவைக் குளிக்கிற ஆட்களின் கணக்கில் சொன்ன அந்த எழுத்தாளருக்கு, நடந்து வருகிறவர்களின் முதல் தேவை எது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வந்தவர்கள் சாதாரண தூரம் நடந்து வரவில்லை. இயேசுவின் சீடரும் தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று வணங்குபவருமான யாக்கோபின் கல்லறை இங்கே இருப்பதாக ஒன்பதாம் நூற்றாண்டில் செய்தி பரவியது. அன்று முதல் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் மக்கள் கால்நடையாகவே புறப்பட்டார்கள். பிரெஞ்சு எல்லைக்குள் இருக்கும் சான் ழான் பியே தெ போர் என்ற ஊரிலிருந்து கணக்கிட்டால்கூட ஏறத்தாழ 780 கிலோமீட்டர். பிரனீஸ் மலையைக் கடக்க வேண்டும், மரநிழல் இல்லாத காஸ்தீய மேட்டுநிலத்தைத் தாண்ட வேண்டும், கலீசியாவின் ஓயாத மழையில் நனைய வேண்டும். பாரிஸிலிருந்தோ கொலோனிலிருந்தோ புறப்பட்டவருக்குப் பயணம் மாதக்கணக்கில் நீளும். கும்பிட்டு முடித்ததும் அதே தூரத்தைத் திரும்பவும் நடக்க வேண்டும்.

இந்த யாத்ரீகர்களைப் பற்றிப் பரவலாக ஓர் எண்ணம் உண்டு. அவர்கள் குளிக்கவே மாட்டார்கள், அழுக்கும் நாற்றமுமாக வந்து சேர்வார்கள், அதெல்லாம் இருண்ட காலம் என்பது அந்த எண்ணம். அது நியாயமே இல்லாத பேச்சு. அந்தப் பாதையின் பழைய பதிவுகளில் எங்கு பார்த்தாலும் தண்ணீர் வருகிறது. ஆனால் அந்தத் தண்ணீர்க் குடம் பெரும்பாலும் நடப்பவரின் கையில் இல்லை. வழியில் வாசலைத் திறந்து வைத்திருந்தவரின் கையில் இருந்தது. யாத்ரீகரைச் சுத்தமாக வைத்திருப்பது வழியில் குடியிருந்தவர்களின் வேலை. அந்தப் பாதையின் வரலாற்றில் மிகவும் மதிக்க வேண்டிய பகுதி அதுதான்.

அதற்கு வேர் ஆறாம் நூற்றாண்டில் இருக்கிறது. புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்குநூலின் 53ஆம் அத்தியாயம், மடத்துக்கு வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்கச் சொல்கிறது. மடாதிபதி விருந்தினரின் கையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவரும் மடத்தார் எல்லோரும் சேர்ந்து விருந்தினரின் பாதங்களைக் கழுவ வேண்டும். கடைசி இராவுணவில் இயேசு செய்ததன் வழியாக வந்த சடங்கு இது. ஆனால் சடங்குக்குள் ஒரு மருத்துவமும் ஒளிந்திருந்தது. ஈரத் தோல்செருப்பில் நாள் முழுக்க நடந்த கால் எப்படி இருக்கும்? குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறியிருக்கும். உடைந்த கொப்புளத்தில் மண் ஏறியிருக்கும், எங்கோ முள் முறிந்து உள்ளே நிற்கும். நடக்கிறவர் மரத்துப்போன வலியோடு அதைப் பார்க்காமலே நடந்துகொண்டிருப்பார். குனிந்து, கையில் ஏந்தி, தண்ணீர் ஊற்றித் துடைக்கிறவர் கண்ணில் எல்லாம் பட்டுவிடும். சீழ் வைத்த காலோடு ஒருவர் மறுநாள் மலையேறப் போகிறாரா என்பது அந்தக் கணத்தில் தெரிந்துவிடும்.

பிரனீஸ் மலையைத் தாண்டியதும் வரும் ரொன்செஸ்வாயெஸ் சத்திரம் இதில் தலைசிறந்தது. பாம்ப்லோனா ஆயர் சாஞ்சோ தெ லரோசா 1127இல் மேலே கணவாயில் தொடங்கிய அறச்சாலை, சில ஆண்டுகளில் கீழே இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. கணவாயில் பனிப்புயலில் சிக்கி உயிரிழந்தவர்கள் ஏராளம். அதனால் முதல் கவலை உயிரைக் காப்பது. அடுத்த கவலை உடம்பு. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட லத்தீன் பாடல் ஒன்று அங்கே நடந்ததை வரிசையாகச் சொல்கிறது. கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது; கத்தோலிக்கர், யூதர், பிற சமயத்தார், நோயாளி, ஆரோக்கியமானவர் என்ற பாகுபாடு இல்லை. வந்தவரின் கால்களைக் கழுவினார்கள். தாடியை மழித்தார்கள், தலைமுடியை வெட்டினார்கள், கிழிந்த செருப்புக்குத் தோல் வைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். நோயுற்ற ஆண்களுக்கு ஒரு வீடு, பெண்களுக்குத் தனி வீடு. கவனித்துக்கொள்ளப் பெண்கள் இருந்தார்கள். கேட்டவருக்குக் குளியலும் உண்டு. பழங்கள் சேமிப்பில் இருந்தன, மாதுளையும் வாதுமையும் அவற்றில் சேர்த்தி. தாடி மழிப்பதை அழகுக்காகச் செய்த வேலை என்று கொள்ளக் கூடாது. பேனும் ஈரும் தலையிலும் தாடியிலும் குடியேறும் என்பதைச் சத்திரத்து நாவிதர் நுண்ணோக்கி இல்லாமலே அறிந்திருந்தார்.

ஆற்றுத் தண்ணீர் விஷயத்தில், நீரூற்றின் அளவைச் சொன்ன அந்த வழிகாட்டி நூல் இன்னும் கண்டிப்பானது. கோடெக்ஸ் கலிக்ஸ்தினுஸ் என்ற 12ஆம் நூற்றாண்டுத் தொகுப்பின் ஐந்தாம் பகுதியாக வரும் அந்நூலை எழுதியவர் பிரான்ஸின் புவாத்து வட்டாரத்தைச் சேர்ந்த எய்மெரி பிகோ என்று பலர் கருதுகிறார்கள். எந்த ஆறு நல்லது, எது கெட்டது என்பதற்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். எஸ்தேயா ஊரின் ஆறு இனிமையானது, உடம்புக்கு நல்லது. லோர்க்காவுக்கு அருகே ஓடும் சலாதோ, அதாவது உப்பாறு, நஞ்சு. மனிதரும் குடிக்கக் கூடாது, குதிரையும் குடிக்கக் கூடாது. அந்தக் கரையில் நவார் நாட்டார் இருவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டதற்குக் குடிக்கலாம் என்றார்கள். குதிரைகள் குடித்தன, இரண்டு அங்கேயே விழுந்து செத்தன, இருவரும் அந்த இடத்திலேயே தோலை உரித்தார்கள். நவார் நாட்டார்மீது ஆசிரியருக்குத் தீராத கோபம் இருந்தது. ஆகவே கதையைச் சற்றுத் தள்ளி வைத்தே படிக்க வேண்டும். ஆனாலும் வழியில் எந்தத் தண்ணீரைத் தொடலாம் என்று ஊர்வாரியாக எழுதிவைத்த அக்கறை உண்மையானது.

அதே நூல்தான் லாவகோயா என்ற இடத்தையும் சொல்கிறது. நகரத்துக்கு முன்னால், மரங்கள் அடர்ந்த இடத்தில் ஒரு சிற்றாறு. பிரெஞ்சு யாத்ரீகர்கள் அங்கே நின்று, உடைகளைக் களைந்து, அந்தரங்க உறுப்புகளை மட்டும் கழுவிக்கொண்டு போகாமல் உடம்பு முழுவதையும் அழுக்குப் போகத் தேய்த்துக் குளித்தார்கள். அப்போஸ்தலர்மீது கொண்ட அன்பினால் அப்படிச் செய்தார்கள் என்கிறது நூல். வழிநெடுகக் காலையும் முகத்தையும் கழுவிவந்தவருக்கு இது தலைமுழுக்கு. கல்லறையைத் தொடப் போகிற உடம்பில் வழியின் அழுக்கு இருக்கக் கூடாது. இன்று அந்தச் சிற்றாறு ஒரு சின்னப் பாலத்தின் கீழே ஒடுங்கி ஓடுகிறது, பக்கத்தில் சாந்தியாகோ விமான நிலையம். அங்கே இறங்கிக் குளிப்பவர்கள் அபூர்வம்.

உடம்பைக் கழுவினால் போதாது, உடையும் இருக்கிறது. அன்றைய யாத்ரீகரிடம் பெரும்பாலும் மாற்றுடை கிடையாது. கம்பளி அங்கி, குட்டை மேலாடை, அகன்ற தொப்பி, தோள்பை, கைத்தடி, சுரைக்குடுக்கை. கம்பளியை அடிக்கடி துவைக்க முடியாது. துவைத்தால் அந்த மழை நாட்டில் காய்வதற்குள் அடுத்த ஊருக்குக் கிளம்ப வேண்டியிருக்கும். சாந்தியாகோ பேராலயத்தின் கூரைமேல் ஒரு சிலுவை நிற்கிறது. கந்தல்களின் சிலுவை என்று அதற்குப் பெயர். நடந்துவந்த உடையை அதன் அடியிலிருந்த கல்தொட்டியில் போட்டு எரித்துவிட்டு, யாத்ரீகர்கள் புது உடை உடுத்திக்கொண்டார்கள் என்பது ஆலய மரபு.

அந்த நெருப்புக்குப் பின்னால் எவ்வளவு அறிவு இருந்தது என்பது 1909இல்தான் அறிவியலுக்குத் தெரிந்தது. துனிஸ் நகரில் ஷார்ல் நிக்கோல் என்ற பிரெஞ்சு மருத்துவர் டைபஸ் காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்தார். நோயாளிகள் வழியெல்லாம் பிறருக்கு நோயைக் கொடுத்துக்கொண்டு வந்தார்கள். மருத்துவமனை வாசலில் உடையைக் களைந்து குளிப்பாட்டி உள்ளே விட்டபின் அவர்களிடமிருந்து யாருக்கும் பரவவில்லை. அப்படியானால் நோயைச் சுமப்பது உடையில் இருக்கும் ஏதோ ஒன்று. உடம்புப் பேன்தான் அது என்று அவர் பரிசோதனையில் நிறுவினார், 1928இல் நோபல் பரிசு பெற்றார். உடம்புப் பேன் தலையில் வாழ்வதில்லை, துணியின் தையலிடுக்கில் முட்டையிட்டு வாழ்கிறது. வாசலிலேயே கழுவு, பழைய உடையை ஒழி என்ற வேலையைச் சத்திரத்திலும் ஆலயத்திலும் பக்தியின் பெயரால் பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்திருந்தார்கள்.

சாந்தியாகோவுக்குப் போகிற எவருக்கும் கிடைக்கும் இன்னொரு கதை, போத்தாஃபுமெய்ரோ என்னும் பிரம்மாண்டமான தூபக்கலசம். ஒன்றரை மீட்டர் உயரம், ஐம்பது கிலோவுக்கு மேல் எடை. எட்டுப் பேர் வடம் பிடித்து இழுக்க, கோவிலின் குறுக்கே கூரையைத் தொடுமளவு ஊசலாடும். இப்போதுள்ள கலசம் 1851இல் செய்தது. யாத்ரீகர்களின் நாற்றத்தை மறைக்கத்தான் இதை ஆட்டினார்கள் என்று சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்வார்கள். இரவெல்லாம் ஆலயத்துக்குள்ளேயே விழித்திருந்து பாடிய நூற்றுக்கணக்கானவர்களின் வியர்வை மணம் மெய்தான். ஆனால் தூபம் எல்லாத் தேவாலயங்களிலும் வழிபாட்டின் பகுதி. கெட்ட காற்றினால்தான் கொள்ளைநோய் வருகிறது என்று நம்பிய காலத்தில் நறும்புகை காற்றைத் தூய்மையாக்கும் மருந்தும்கூட. நாற்றத்தை மறைக்க என்ற ஒரே காரணத்தில் அதை அடைப்பது, அத்தனை தூரம் நடந்து வந்து வாசலில் குளித்து உள்ளே நுழைந்த மனிதர்களைக் கேலி செய்வதாகும்.

நகரத்துக்கு வந்து நோயில் விழுந்தவர்களுக்காக மன்னர் பெர்னாண்டோவும் அரசி இசபெல்லும் 1499இல் ஆணையிட்டுக் கட்டிய பெரிய மருத்துவச் சத்திரம் பேராலயச் சதுக்கத்திலேயே இன்றும் நிற்கிறது. 1954 முதல் அது ஆடம்பர விடுதி.

ஆனால் அந்தச் சத்திரம் எழுந்த கொஞ்ச காலத்திலேயே நிலைமை திசைமாறிவிட்டது. 16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் யாத்திரைகளையே எதிர்த்தார், வடக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் குறைந்தார்கள். அதே நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர்களுக்குத் தண்ணீரின்மேலேயே பயம் வந்தது. வெந்நீரில் குளித்தால் தோலின் துவாரங்கள் திறந்து நோய் உள்ளே புகும் என்றார்கள். வசதியானவர்கள் குளிப்பதை விட்டு வெள்ளை லினன் சட்டையை அடிக்கடி மாற்றுவதையே சுத்தம் என்று வைத்துக்கொண்டார்கள். ஒற்றை உடையோடு நடக்கிற ஏழை யாத்ரீகருக்கு அந்தச் சுத்தம் எட்டாக்கனி. இடைக்காலத்தைவிட இந்தப் பிற்காலத்துக்குத்தான் அழுக்குக் காலம் என்ற பட்டம் பொருந்தும். கடைசியில் 1830களில், பிரதமர் மெந்திசாபலின் ஆட்சியில், ஸ்பெயின் அரசு மடங்களின் சொத்துகளைப் பறிமுதல் செய்தது. தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றவர்கள் பலரும் அத்துடன் போனார்கள்.

பாதை செத்துப்போகவில்லை. 1984இல் ஓ செப்ரெய்ரோ மலைக்கிராமத்துப் பங்குத்தந்தை எலியாஸ் வலீன்யா மஞ்சள் பெயின்டை எடுத்துக்கொண்டு வழிநெடுக அம்புக்குறி வரையத் தொடங்கினார். 1987இல் ஐரோப்பிய கவுன்சில் அதைத் தன் முதல் பண்பாட்டுப் பாதையாக அறிவித்தது, 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2024இல் பயணத்தை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் ஏறக்குறைய 5 லட்சம் பேர்.

இவர்களின் சுத்தம் இவர்கள் கையில். மதியம் விடுதியில் நுழைந்ததும் சேறு படிந்த காலணியை வாசல் அடுக்கில் கழற்றி வைக்க வேண்டும். படுக்கை அறைக்குள் அது போகக் கூடாது. பிறகு குளியல், உடனே துணி. பின்கட்டில் சிமென்ட் தொட்டியும் வரிவரியாய்ச் செதுக்கிய துவைக்கல்லும் இருக்கும். அன்று போட்ட பனியனையும் காலுறையையும் அங்கே கும்மி அலசி, பிழிந்து, கொடியில் போடுவார்கள். இரண்டு செட் உடைதான். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். காலையில் காலுறை ஈரமாகவே இருந்தால் முதுகுப்பையின் வெளியே ஊக்கு குத்தித் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார்கள். புறப்படும் முன் விரலிடுக்கில் வாஸ்லின். வழியில் குழாய் வந்தால் முதலில் பலகை: குடிக்கத்தக்கது, குடிக்கத் தகாதது. 12ஆம் நூற்றாண்டு நூலின் ஆற்று அத்தியாயம் இப்போது குழாய்க்குக் குழாய் ஒட்டியிருக்கிறது.

பேனின் இடத்தை மூட்டைப்பூச்சி பிடித்துக்கொண்டது. இரவுக்கு இரவு கட்டில் மாறும் ஆயிரக்கணக்கான பைகளில் அது ஊர் ஊராகப் பயணம் செய்கிறது. அனுபவப்பட்டவர்கள் பையைக் கட்டில்மேல் வைப்பதில்லை, படுக்குமுன் மெத்தையின் தையலோரத்தை விளக்கடித்துப் பார்க்கிறார்கள். தையலோரம்தான் இன்றும் எதிரியின் வீடு.

பழைய வழக்கம் அடியோடு அழியவும் இல்லை. பிசுவேர்கா ஆற்றங்கரையில் சான் நிக்கோலாஸ் என்ற பழைய சத்திரத்தை இத்தாலியிலிருந்து வரும் யாத்ரீகச் சகோதர சபை ஒன்று நடத்துகிறது. தன்னார்வலர்கள் இரவுணவுக்கு முன் வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்து, பாத்திரத்தில் பாதத்தை ஏந்தித் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைக்கிறார்கள். அங்கே பின்கட்டில் நல்ல குளியலறைகளும் உண்டு.

ஆனால் பாதையின் இன்றைய அவசரத் தேவை கழிப்பறை. சான்றிதழுக்குக் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்திருந்தால் போதும் என்பதால் சர்ரியா என்ற ஊரிலிருந்து கூட்டம் நெரிகிறது. இருபது முப்பது வீடுகளே உள்ள கலீசியக் கிராமங்களின் வழியாகக் கோடையில் நாள்தோறும் பெருங்கூட்டம் கடந்து போகிறது. புதரோரத்திலும் கல்சுவர் மறைவிலும் காகிதக் குப்பை சேர்கிறது, மழை வந்தால் அது ஓடைக்குப் போகிறது. சாலையோரக் காபிக்கடைகளின் கழிப்பறையே பலருக்கும் கதி. வெயிலுக்கு முன் நடந்துவிட வேண்டும் என்று விடியுமுன்னே கிளம்புகிறவருக்கு அந்தக் கடைகள் திறக்க இன்னும் நேரம் இருக்கும். சர்ரியாவுக்கும் சாந்தியாகோவுக்கும் நடுவே அந்த நேரத்திலும் திறந்திருக்கும் கழிப்பறைகளைக் கட்டுவதும், தினமும் அவற்றைக் கழுவ ஆள் வைத்து ஒழுங்காகச் சம்பளம் கொடுப்பதும்தான் அந்தப் பாதையை நடத்துகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை.