ஏடும் கணினியும்: கோணேசர் கல்வெட்டை முன்வைத்து ஒரு நோக்கு

திருக்கோணமலை நகரினின்றும் வடக்கே நிலாவெளிக்குச் செல்லும் பெருந்தெருவிற் சிறிது தூரஞ் சென்றதும் எதிர்ப்படுவது சாம்பல்தீவு. ஒருபால் கடல், மறுபால் களப்பு. இக்கரையிற் கரைவலை இழுப்போரை அணுகி, இன்று எவருடைய வலை முதலில் வளைக்கப்படும் என்று வினவினால் தாமதமின்றி விடை கிடைக்கும். பாடு எவருக்குரியது என்பது அரசாங்கப் பதிவேட்டில் இருக்கலாம். ஆயினும், நீரின் நிறங்கண்டு மீன் வரவை உணர்தல், காற்று மாறும்போது வலையை எத்திசையில் வளைத்தல், இழுவைக்கு வாராதவனுக்கும் எந்நிலையிற் பங்கு கொடுத்தல் ஆகியன எப்பதிவேட்டிலும் ஏறினவல்ல. அவை சம்மாட்டியின் நெஞ்சிலும் இழுவைகாரரின் கைகளிலும் உறைவன.

ஒரு கூட்டத்தார் தம் தொழிலை நடத்துதற்குரிய இவ்வறிவையே இக்காலத்தார் நிறுவன அறிவு என்பர். மைக்கேல் போலனி என்னும் அறிஞர் 1966இல் வெளிவந்த தமது நூலில், நாம் சொல்லக்கூடியதினும் மிகுதியாக அறிந்துள்ளோம் என்னுங் கருத்தை விரித்துரைத்தார். பின்னர் யப்பானிய அறிஞரான நொனாகாவும் தக்கேயுச்சியும் 1995இல் வெளியிட்ட நூலில், சொல்லப்படாத அவ்வறிவு சொல்லப்பட்ட அறிவாக மாறுதலையும், அது மீண்டுந் தொழில் செய்வோரிடத்துப் பழக்கமாகப் படிதலையும் ஆராய்ந்தனர். அறிவைத் தொகுத்துக் கணினியில் இட்டு வேண்டும்போது எடுத்தாளும் முறை பெருங் கம்பெனிகளிற் பரவியதும் அக்காலத்திலேயே. இவற்றைப் படிக்கும் நம் மாணவர் இது மேனாட்டார் கண்ட புதுமை என மயங்குதல் இயல்பு. நம் ஊரிலேயே இதற்கொரு பழைய சான்று உண்டு.

அதுவே கவிராசவரோதயன் இயற்றிய கோணேசர் கல்வெட்டு. பெயர் கல்வெட்டாயினும் இது கல்லில் வெட்டப்பட்டதன்று. செய்யுளும் உரைநடையும் விரவிய ஏட்டு நூல். இதன் காலத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர் ஒருமுகப்பட்டாரல்லர். அவ்வாதத்துள் யாம் இங்குப் புகவில்லை. குளக்கோட்டு மன்னன் திருப்பணி செய்தமையைக் கூறுவதால் இதனைத் தலபுராண வரிசையில் வைத்துப் பாராட்டுவோர் பலர். எம் கருத்தின்படி இந்நூலின் உயிர்நிலை வேறிடத்துள்ளது. கோயிலின் தொழும்புகள் எவை, அவற்றைத் தானத்தாருள்ளும் வரிப்பற்றாருள்ளும் எவர் எவர் ஆற்றவேண்டும், வழக்கு நேரின் விசாரிக்கும் வன்னிபத்தின் கடமை யாது, எப்பற்றிலிருந்து கோயிலுக்கு வரவு வரவேண்டும் என்பவற்றை இது வகுத்துரைக்கின்றது. மருங்கூரிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வரவழைக்கப்பட்ட குடிகளையும், மதுரையிலிருந்து வந்த தனியுண்ணாப் பூபாலனையும் இது பெயர் சுட்டிக் கூறுவது வெறும் பெருமைக்காக அன்று. இக்கடமை இம்மரபினர்க்கு உரியது என்று பின்வருவோர் ஐயமின்றி அறிதற்பொருட்டேயாம். இக்காலத்து நிறுவனமொன்றின் நிருவாகக் கைந்நூலோடு இதனை ஒப்பிட்டால் குறைபாடு மிகுதியாகக் காணப்படாது.

இவ்வாறு எழுதிவைத்ததன் பயன் பெருங்கேடு நேர்ந்தபோதே வெளிப்பட்டது. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணமாமலைக் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டு கோட்டை அமைப்பித்தான். கட்டடம் போயிற்று. ஆயினும், பின்னர்த் தம்பலகாமத்தில் ஆதிகோணேசர் ஆலயம் எழுந்தபோது தொழும்பு முறை புதிதாகக் கற்பிக்கப்படவேண்டியதாயிற்றில்லை. ஏடு இருந்தது, ஏட்டின் பொருளைத் தம் வாழ்க்கையாகக் கொண்ட குடிகளும் இருந்தனர்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியொன்றையும் இங்கே நோக்குதல் தகும். கோயிலுக்கு ஆபத்து வந்தபோது திருவுருவங்கள் சிலவற்றை அடியவர் மண்ணுள் மறைத்தனர். பகைவர் அறியலாகாது என்பதால் இடம் எங்கும் எழுதப்படவில்லை போலும். அறிந்தோர் ஒருவர்பின் ஒருவராக மறைய, அறிவும் உடன் மறைந்தது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அவ்வுருவங்களின்மேல் மக்கள் நடமாடினர். 1950இல் கிணறு வெட்டிய கூலியாளரின் மண்வெட்டியே அவற்றை வெளிப்படுத்தியது. 1963இல் புதிய ஆலயத்திற்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. அவற்றை மறைத்தவரை யாம் குறைகூறோம். அந்நிலையில் மறைத்தலே காத்தலாயிருந்தது. ஆனால், பொருள் காக்கப்பட்டும் பொருளைப் பற்றிய அறிவு இழக்கப்படுதல் எவ்வளவு எளிது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை யாம் அறியோம்.

ஒரே படி ஓரிடத்தில் இருத்தலின் ஆபத்தை நம் தலைமுறையும் கண்டது. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் ஏட்டுச்சுவடிகளும் அடங்கும். 2004 திசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்து வீடுகளிலிருந்து உறுதிகளையும் கணக்குக் கொப்பிகளையும் வாரிச்சென்றது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்னுருவாக்கி வருவது இவ்விழப்புகளின் பின்னணியிலேயே உணரப்படவேண்டும். கோணேசர் கல்வெட்டும் அத்தொகுதியில் உண்டு. முற்காலத்தில் ஏட்டைப் படியெடுப்போன் பல நாள் எழுத்தாணி பிடித்தான்; படிதோறும் பிழையும் புகுந்தது. கணினியோ ஒரு நொடியிற் பல படிகளைப் பிழையின்றி எடுத்துப் பல நாடுகளில் வைக்கின்றது. தீயும் கடலும் அவற்றை ஒருங்கே அழித்தல் அரிது.

ஆயினும் படி பெருகுதல் வேறு, அறிவு நிலைபெறுதல் வேறு. யாம் அறிந்த கிராமச் சங்கமொன்று தன் கூட்டக் குறிப்பேடுகளை எல்லாம் படம்பிடித்துக் கணினியில் இட்டது. படங்கள் தெளிவானவை. ஆனால், ஒவ்வொன்றுக்கும் இடப்பட்ட பெயர் ஓர் எண் மட்டுமே. குறிப்பேடெங்கும் பழைய காரியதரிசி தாமே வகுத்த சுருக்கெழுத்துகள், அவர் காலமாகிவிட்டார். ஒரு காணியின் எல்லை பற்றிய வழக்கில் அப்பக்கம் வேண்டப்பட்டபோது, பல நாள் தேடி அதனைக் கண்டெடுத்தும், அதன் பொருளைச் சொல்ல ஆளில்லாது போயிற்று. படம்பிடித்த காலத்தில் அவர் உயிரோடு இருந்தார் என்பதே நெஞ்சை உறுத்துவது. அரைநாள் அவரருகே இருந்து கேட்டெழுதியிருந்தால் அக்குடும்பம் தன் காணியை இழந்திராது.

நெல்லளவு கூறும் பழைய ஆவணமொன்றைக் கணினித் திரையில் வாசித்த மாணவனொருவன், அவணம் என்னுஞ் சொல்லைக் கண்டு ஆவணம் என்பதன் எழுத்துப் பிழை எனத் திருத்திவிட்டான். வயலோடு பழகிய அவன் பாட்டனாரோ, நெல்லுக்கு மட்டுமன்றி வயற்பரப்புக்கும் அவணமே அளவு என்று சொல்லி நகைத்தார். அவ்விருவரும் ஒரே வீட்டில் வாழ்பவர்.

சாம்பல்தீவிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் நம் கல்லூரிகளுக்கு வரும் மாணவர் பலர். ஒலிப்பதிவுக் கருவி இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைத்தொலைபேசியாக உளது. பாட்டின் பெயர், வலையின் உறுப்புகள், காற்றின் பெயர்கள், பங்கு பிரிக்கும் முறை ஆகியவற்றை ஊர்ப் பெரியோரிடம் கேட்டுப் பதிந்து, சொன்னவர் எவர், எந்நாளில், எவ்விடத்தில் என்பதையும் உடன் எழுதி, இரண்டு மூன்று இடங்களில் வைப்பதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா. கரைவலைக்காரருக்கு ஓய்வு குறைவு. வலை பழுதுபார்க்கும் நாள்களிற் சென்றால் அமர்ந்து பேசுவர்.