பகைவர் எழுதிய சரித்திரம்

தென்னையை நம்பி வாழ்பவர் நம்மிடையே பலர். ஆதலின், தென்னையைக் காக்கும் முயற்சியில் ஒரு சிற்றுயிர் உலகினின்று மறைந்துபோன வரலாறு நாம் கேட்கத்தக்கதாகும்.

பசிபிக் சமுத்திரத்திலுள்ள பீஜித் தீவுகளுட் பெரியது விற்றிலெவு. அங்கே 1877ஆம் ஆண்டளவில் தென்னைகள் தீப்பட்டனபோற் கருகலாயின. லெவுவானா என்னும் சிறு அந்துப்பூச்சியே அதற்குக் காரணம். நீலம் மினுங்கும் சிறகுடைய அப்பூச்சி பகலிலே பறப்பது. அதன் புழுக்கள் ஓலையின் அடிப்புறத்தைச் சுரண்டித் தின்றன. காய்ப்புக் குன்றியது, அத்தீவிற் கொப்பரா வர்த்தகமும் நலிந்தது. உணவும் பானமும் எண்ணெயும் கயிறும் தந்த மரம் பட்டுப்போவதைக் குடிமக்கள் செய்வதறியாது கண்டனர்.

அண்டைத் தீவுகளுக்கும் ஆபத்து நெருங்கவே, டோதில் என்னும் பூச்சியியல் அறிஞர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. மலாயாவில் இதே குடும்பத்தைச் சார்ந்த வேறோர் அந்துப்பூச்சியை ஒருவகை ஈ அடக்கி வருவதை அவர்கள் அறிந்தனர். அந்த ஈ புழுவின்மேல் முட்டையிடும். குஞ்சு உள்ளே புகுந்து அதனைத் தின்றுவிடும். 1925இல் ரெயிலர் என்பவர் அவற்றைக் கப்பலிற் கொணர்ந்தார். உயிரோடு வந்து சேர்ந்தவை முந்நூற்றுக்குச் சற்று அதிகம். அவற்றைப் பெருக்கித் தோட்டங்களில் விட்டனர். ஈராண்டுகளுள் தென்னைகள் மீண்டும் பசுமை பூண்டன.

பூச்சியோ அதன்பின் அரிதாகி மறைந்துபோயிற்று. இன்று அது அழிந்த உயிர்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது.

அது பீஜிக்கே உரியதா, மேற்றிசைத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியதா என்பது இன்றும் தீராத வினா. டோதில் குழுவினர் பிற தீவுகளிலே தேடியும் கண்டிலர். வேறெங்கேனும் அது ஒளிந்து வாழக்கூடும் என்பாரும் உளர்.

தென்னையைக் காத்தவர்களை நாம் குறை கூறுவதற்கில்லை. மக்களின் பிழைப்பு அதிலே தங்கியிருந்தது. ஆயினும் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். லெவுவானாவைப் பற்றி நாம் அறிந்தவற்றுட் பெரும்பகுதி, அதனை ஒடுக்கிய அறிஞர்கள் 1930இல் வெளியிட்ட நூலிலிருந்தே பெறப்பட்டது. அவர்கள் ஆராய்ந்ததெல்லாம் ஒரு பகைவனின் பலவீனத்தை. அவ்வுயிரின் பூர்வீகம் யாது என்னும் கேள்விக்கு விடை காணுமுன் அது மறைந்துவிட்டது. ஒன்றை அடக்குமுன் அதனை முற்றாக அறிதல் நன்று என்பதே இச்சிறு பூச்சி விட்டுச்சென்ற பாடம்.