காசநோயோடு ஒத்துப்போகும் மாத்திரை

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் பரிசோதனைக்காக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போயின. இந்தியாவில் எச்ஐவி இருப்பது முதன்முதலில் தெரியவந்தது அங்கேதான்.

கிருமியைக் கண்டாயிற்று, மருந்து இல்லை. சிடோவுடின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1996க்குப் பிறகு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோயாளி பிழைப்பார் என்று தெளிவானது. ஆனால் ஆண்டுச் செலவு 10,000 டாலரைத் தாண்டியது. 2001இல் சிப்லாவின் யூசுஃப் ஹமீது, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதையே ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தார். ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் மூன்றும் ஒரே மாத்திரையில். 2004 ஏப்ரல் 1இல் மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, முதல் மையங்களில் ஒன்றாகத் தாம்பரம் சானடோரியம் இருந்தது.

அது 1928இல் காசநோய்க்காக எழுந்த மருத்துவமனை. தமிழ்நாட்டில் மருந்துத் தேர்வின் வரலாறு விலையோடு முடியாமல் போனதற்குக் காரணமும் காசநோய்தான். அதன் முதன்மை மருந்தான ரிஃபாம்பிசின், கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடும். இரு நோயும் உள்ளவர் அதைச் சாப்பிடும்போது நெவிரபின் வேகமாகச் சிதைந்து, ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும். எஃபவிரென்ஸ் என்னும் மாற்று மருந்துக்கு இந்தச் சேதம் குறைவு, ஆனால் அன்று விலை அதிகம்.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. அங்கே சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி மையம், இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், சௌம்யா சுவாமிநாதன் தலைமையில் 2006 முதல் 2008 வரை இரு நோயும் உள்ள 116 பேரைச் சேர்த்தது. எல்லோருக்கும் டிடனோசினும் லாமிவுடினும். மூன்றாவது மருந்து மட்டும் வேறு. 24 வாரத்தில் எஃபவிரென்ஸ் பெற்ற 59 பேரில் 50 பேருக்குக் கிருமி அடங்கியது. நெவிரபின் பெற்ற 57 பேரில் 37 பேருக்கே அடங்கியது. ஐந்து பேர் இறந்தார்கள். எஃபவிரென்ஸ் பக்கம் இறப்பே இல்லை. ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இங்கே நெவிரபின் நாளுக்கு ஒரு வேளைதான் தரப்பட்டது, வழக்கம் இரு வேளை. ஆகவே இதை அந்த மருந்தின் மீதான முழுத் தீர்ப்பாகக் கொள்வது சரியல்ல.

எஃபவிரென்ஸும் சாதுவல்ல. தலைசுற்றல், கெட்ட கனவு. அதனால் படுக்கப்போகும்போது விழுங்கச் சொல்வார்கள்.

விலையை மட்டும் பார்த்துத் தேர்ந்ததன் வலியை ஸ்டாவுடின் காட்டியது. பாத நரம்புகள் கெட்டு உள்ளங்கால் எரியும். குழித்தறியில் நாள் முழுக்க மிதி மிதிக்கும் நெசவாளிக்கு அது பிழைப்பையே பறிக்கக்கூடிய பக்கவிளைவு. கன்னக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டிப்போகும். மறைத்து வைத்த நோயை ஊரே ஊகித்துவிடும். மாற்றாக வந்த சிடோவுடினில் ரத்தசோகை பயம். 2009இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. பின்னர் டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபவிரென்ஸ் சேர்ந்த ஒற்றை மாத்திரை அரசு மையங்களுக்கு வந்தது. சிறுநீரகத்தைக் கவனித்தபடி கொடுக்க வேண்டிய மருந்து அது.

இப்போது எஃபவிரென்ஸின் இடத்தில் டோலுடெகிராவிர். கிருமியைச் சீக்கிரம் அடக்குகிறது, கிருமி எளிதில் எதிர்ப்புச் சக்தி பெறுவதில்லை. அதையும் ரிஃபாம்பிசின் விட்டுவைக்கவில்லை. காசநோய் மருந்து சாப்பிடுபவருக்கு, தினசரி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து 50 மில்லிகிராம் டோலுடெகிராவிர் தனியாக இன்னொன்று தரப்படுகிறது. காசநோய்ச் சிகிச்சை முடிந்த பின்னும் இரண்டு வாரம் அது தொடரும்.