தர்மம் தலைகாக்குமா?



"தர்மம் தலைகாக்கும்" என்னும் பழமொழியை அறியாதவர் தாமிரபரணிக் கரையில் எவரும் இலர். அசனப் பண்டிகைக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்புகிற நம் சபையாரில் சிலரும் அந்தப் பழமொழியை நெஞ்சில் வைத்தே அனுப்புகிறார்கள். பிள்ளையின் தேர்வோ, வீட்டில் நோயோ, வெளிநாட்டு விசாவோ நெருங்கி வரும்போது காணிக்கைக் கவர் சற்றே கனக்கிறது. கொடுத்தால் காக்கப்படுவோம் என்ற கணக்கு நம்மில் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. மறுபுறத்தில், தாம் இரட்சிக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் தவறாமல் சாட்சி கூறிவிட்டு, வயலில் வேலை செய்தவரின் கூலியை அறுவடைக்குப் பின்னும் தராமல் இழுத்தடிக்கிற விசுவாசிகளும் நம் நடுவில் உண்டு. இவ்விரு சாராருக்காகவும் இந்த வாரம் நம் திருநெல்வேலித் திருச்சபை வரலாற்றிலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுகிறேன். அது 1830-ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்ட தர்ம சங்கம்.

அதைத் தொடங்கியவர் ரேனியஸ் ஐயர். பிரஷ்ய நாட்டில் 1790-இல் பிறந்து, பெர்லினில் யெனிக்கே போதகரின் மிஷன் பள்ளியில் பயின்று, 1814-இல் சென்னைக்கும் 1820-இல் பாளையங்கோட்டைக்கும் வந்தவர். முருகன்குறிச்சியில் ஊசிக்கோபுரம் என்று நாம் அழைக்கும் ஆலயம் 1826-இல் எழுந்தது அவர் காலத்தில்தான். மார்ட்டின் லூத்தரின் மரபில் வளர்ந்த மனிதர் அவர். மனிதன் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான், அவனுடைய கிரியைகளினால் அன்று என்பது அந்த மரபின் உயிர்நாடி. அப்படிப்பட்டவர், புண்ணியத்தின் வாசனை வீசும் "தர்மம்" என்ற சொல்லைத் தம் சங்கத்துக்குப் பெயராக ஏற்றது ஏன்? அறியாமையால் என்று சொல்ல வழியில்லை. புதிய ஏற்பாட்டைப் புதிதாகத் தமிழில் பெயர்த்தவர் அவர். தமிழுக்கு ஓர் இலக்கண நூலும் எழுதியவர். சொற்களின் எடையை அறிந்தவர்.

அந்தச் சங்கம் செய்த வேலையைப் பார்த்தால் விடை கிடைக்கும். அக்காலத்தில் சுவிசேஷத்தை ஏற்றுக்கொண்டவர்களில் மிகப் பலர் பனையேறிகளும் கூலி உழவர்களும். அவர்கள் குடியிருந்த மண் அவர்களுடையது அன்று. ஊர்க் கோயிலுக்கு வரி கொடுக்க மாட்டோம், கொடைக்கு ஊழியம் செய்ய மாட்டோம் என்று சொன்ன நாளிலேயே, குடிசையைப் பிரித்துக்கொண்டு வெளியேறு என்று நிலத்துக்காரர் சொல்ல முடியும்; சொன்னார்கள். விசுவாசம் கொண்டவனுக்கு முதலில் பறிபோனது தலைக்கு மேலிருந்த ஓலைக்கூரை. தர்ம சங்கம் பணம் திரட்டி நிலமும் வீடும் வாங்கியது. துரத்தப்பட்டவர்கள் குடியேறி ஆலயமும் பள்ளியும் கட்டிக்கொள்ள இடம் தந்தது. இது முற்றிலும் புதிய எண்ணம் அன்று. 1799-இல் தாவீது சுந்தரானந்தத்தின் காலத்தில் முதலூர் இப்படித்தான் பிறந்தது. சாமுவேல் சாயர் என்ற வணிகர் வாங்கிக் கொடுத்த நிலம் இன்றும் சாயர்புரம் என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பிரஷ்யப் பிரபு தோனா அனுப்பிய பொருளால் 1827-இல் டோனாவூர் உண்டானது. ரேனியஸ் ஐயர் செய்தது, இந்தக் கடமையைத் தொலைதூரத்துப் புரவலர்களிடம் மட்டும் விட்டுவைக்காமல், இவ்வூர்ச் சபையாரின் கைக்கும் கொண்டுவந்ததே.

இங்கே கவனியுங்கள். அந்தச் சங்கத்துக்குக் காசு கொடுத்தவர் எவரும் அதனால் தம் தலையைக் காத்துக்கொள்ளவில்லை. அவர் தலை ஏற்கெனவே காக்கப்பட்டாயிற்று என்று ஞாயிறுதோறும் அவருக்குப் பிரசங்கிக்கப்பட்டது. அவர் கொடுத்தது வேறொருவருடைய தலைக்குக் கூரை. பழமொழி அப்படியே நின்றது; அதன் திசை மட்டும் திரும்பிவிட்டது.

எபேசியருக்கு எழுதின நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் எட்டாம், ஒன்பதாம் வசனங்களை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் மனப்பாடமாகச் சொல்லுவார்கள். இரட்சிப்பு தேவனுடைய ஈவு, பெருமை பாராட்ட ஒருவருக்கும் இடமில்லை என்று அவை கூறுகின்றன. பத்தாம் வசனத்தைக் கேட்டால் பெரியவர்களுக்கே தடுமாறுகிறது. நற்கிரியைகள் செய்வதற்காகவே நாம் கிறிஸ்துவுக்குள் உருவாக்கப்பட்டோம் என்பது அதன் பொருள். மூன்றையும் பவுல் ஒரே மூச்சில் எழுதினார். வெட்டிப் பிரித்தவர்கள் நாம்.

இன்னும் ஐம்பது ஆண்டு பின்னோக்கிச் சென்றால் இதே கேள்வி ஒரு பெண்ணின் உருவில் வந்து நிற்கிறது. மராட்டியப் பிராமணக் கைம்பெண்ணான அவர் ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் வாழ்ந்து, அவர் வழியாகவே கிறிஸ்தவ ஜெபங்களைக் கற்றார். ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் ஐயர் மறுத்தார். மணமின்றி அவ்விருவரும் வாழ்ந்ததே காரணம். அந்த அதிகாரி இறந்தபின், 1778-இல், பாளையங்கோட்டையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கிளாரிந்தா என்று பெயரிட்டார். சுவார்ட்ஸ் ஐயரின் பேரில் எனக்குள்ள மதிப்பு பெரியது. ஆனாலும் இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் சற்றே முரண்டு பிடிக்கும். மணம் செய்துகொள்ளாத குற்றம் இருவருடையது. வாசலில் நிறுத்தப்பட்டவர் அவர் ஒருவரே. ஒன்று மட்டும் தெளிவு: சுவார்ட்ஸ் ஐயர் அவரிடம் நற்கிரியைகளை நுழைவுக் கட்டணமாகக் கேட்கவில்லை, மனந்திரும்புதலையே எதிர்பார்த்தார். கோட்டைக்குள் கிளாரிந்தா முன்னின்று கட்டிய ஆலயம் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதை நாம் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறோம்; அவர் வெட்டுவித்த கிணறும் அவர் பெயராலேயே வழங்கிற்று. அவை ஞானஸ்நானத்துக்குக் கொடுத்த விலை அல்ல, அதற்குப் பின் வந்தவை. 1780-ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் உள்ளன. பல சாதியாரின் பெயர்களும் ஒரே பட்டியலில் இருக்கின்றன.

சாதி என்றதும் யாக்கோபின் நிருபத்துக்கு வரவேண்டியிருக்கிறது. லூத்தர் அதை வைக்கோல் நிருபம் என்று 1522-இல் எழுதிவிட்டதால், பவுலும் யாக்கோபும் எதிரெதிர்க் கட்சிகள் என்றே பலர் நினைக்கிறார்கள். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு சொல்லும் அந்த இரண்டாம் அதிகாரம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல ஆசனம், கந்தல் உடுத்தவனுக்குக் காலடியில் இடம்! ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது என்பதில்தான் யாக்கோபின் வாதம் பிறக்கிறது. பவுல் தள்ளிய கிரியைகள், தேவனுக்கு முன் உரிமை கோருவதற்காக மனிதன் நீட்டும் பத்திரங்கள். யாக்கோபு தேடிய கிரியைகள், பக்கத்தில் நிற்கும் சகோதரனுக்கு அவன் இடத்தைக் கொடுப்பது. தம் பள்ளியின் மாணவர்கள் சாதி பாராமல் சேர்ந்து உண்ணவேண்டும் என்பதில் ரேனியஸ் ஐயர் உறுதியாய் நின்றார். அதனால் எதிர்ப்பும் சுமந்தார். நாமோ நற்கருணைக் கிண்ணத்தில் ஒன்றாகப் பருகிவிட்டு, வரன் பார்க்கும்போதும் கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்கும்போதும் வேறு பதிவேட்டைத் திறக்கிறோம். இதை விசுவாசக் குறைவு என்று நாம் அழைப்பதில்லை. யாக்கோபு அழைக்கிறார்.

இனி, இந்த வரலாற்றின் மிகக் கடினமான ஆண்டுகள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில் ஆற்றுப் பாசனம் எட்டாத தெற்குத் தேரிக் காட்டு ஊர்கள் தவித்தன. அதே 1877-இல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்ற கால்டுவெல் ஐயரின் ஊழியப் பகுதியில் சபை நிவாரணப் பணி செய்தது. அடுத்த சில மாதங்களில் பல்லாயிரவர் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தம் பெற வந்தனர். சோற்றுக்காக வந்தவர்கள் என்ற ஏளனம் அப்போதே எழுந்தது. இன்றும் நம் பாட்டனாரைப் பற்றிச் சிலர் அப்படிச் சொல்லுவதைக் கேட்டிருப்பீர்கள். கால்டுவெல் அத்தியட்சர் அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. வருகிறவர்களின் நோக்கம் கலப்பானது என்பதை ஒப்புக்கொண்டார். வந்தபின் போதனையால் நோக்கம் உயரும், அதற்காக வாசலை அடைக்கலாகாது என்பது அவருடைய நிலை.

அவருடன் நான் ஒத்துப்போகிறேன். ஒரு காரணத்தையும் சேர்த்துச் சொல்லுவேன். பசியோடு வந்தவனின் விசுவாசம் தூய்மையானதா என்று சோதிக்கிறவர், அறியாமலே விசுவாசத்தை ஒரு கிரியையாக மாற்றிவிடுகிறார். கலப்பற்ற நோக்கம் என்ற காணிக்கையைக் கொண்டுவா, அப்பொழுது கிருபை தருவோம் என்கிறார். அப்படியானால் அது கிருபை அல்ல. கானானியப் பெண் வந்தது மகளின் நோய்க்காக. பத்துக் குஷ்டரோகிகளும் வந்தது சுகத்துக்காகவே. திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன், ஆனால் பத்துப்பேரும் சுகமானார்கள். சோறு கொடுத்த சபைக்கும் இதே எச்சரிக்கை உண்டு. ஞானஸ்நானம் பெறுகிறவனுக்கே கஞ்சி என்று எங்கேனும் ஒருவர் கொடுத்திருந்தால், அது தர்மம் அன்று, வியாபாரம்.

கொடுக்கப்பட்டவர்கள் பின்னர் என்ன செய்தார்கள் என்பதே அந்த ஏளனத்துக்கு வரலாறு தந்த பதில். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவருடைய தோழர்களும் 1903 பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்நியப் பணம் இல்லை; இந்தியரின் பொருளால், இந்தியரின் நிர்வாகத்தால், இந்திய ஊழியர் செல்லவேண்டும் என்பது ஏற்பாடு. நிஜாமின் ஐதராபாத் இராச்சியத்தில் இருந்த தோர்ணக்கல் அவர்களுடைய ஊழியக் களமாயிற்று. 1912-இல் அசரியா அங்கே அத்தியட்சரானார்.

அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது? இடம் வாங்கிக் குடியேற்றப்பட்டவர்களின் பேரர்களிடமிருந்து வந்தது. பதனீர் காய்ச்சி, கருப்பட்டி விற்றுப் பிழைத்த குடும்பங்களிலிருந்து வந்தது. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைப்பது நம் சபைப் பெண்களின் வழக்கம். அவர்களில் பெரும்பாலோர் தோர்ணக்கல்லைக் கண்ணால் கண்டதில்லை. அங்கே பேசப்படும் தெலுங்கில் ஒரு சொல்லும் அறியார்.