குதிரைமுள்ளங்கி வேர்

குதிரைமுள்ளங்கியின் முழு வேரை மூக்கருகே கொண்டுபோனால் மண்வாசனைதான் அடிக்கும். தோலைச் சீவினாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. துருவியில் நாலு தேய்ப்புத் தேய்த்ததும் கண் எரிந்து நீர் வழியும். நெடி மூக்கின் உச்சிவரை ஏறும். மிளகாயைப் போல நாக்கிலேயே தங்கி எரிவதில்லை. மூக்கில் ஒரு கணம் மின்னி, மூச்சை விட்டதும் தணிந்துவிடும். அறுபடாத வேருக்குள் அந்தக் காரம் கிடையாது, அறுபடும்போதுதான் பிறக்கிறது. இந்த வேரை வாங்குவதிலும் வைத்திருப்பதிலும் சமைப்பதிலும் உள்ள பக்குவம் எல்லாம் இதிலிருந்தே வருகிறது.

இதன் தாவரவியல் பெயர் ஆர்மோராசியா ரஸ்டிகானா. கடுகு, முட்டைக்கோஸ், முள்ளங்கி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. தென்கிழக்கு ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும் இதன் தாயகமாகக் கருதப்படுகின்றன. ஆங்கிலப் பெயரில் இருக்கும் குதிரைக்கும் வேருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பெரியது, முரடானது என்ற பொருளில்தான் அந்த அடைமொழி ஒட்டியது. நெருஞ்சியில் பெரியதை நாம் ஆனைநெருஞ்சி என்பதில்லையா, அது போலத்தான். ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் இதைக் ‘கிரென்’ என்பார்கள். ரஷ்யாவில் ‘ஹ்ரென்’, ஹங்கேரியில் ‘தோர்மா’.

வேரின் திசுக்களில் சினிக்ரின் என்ற பொருளும் மைரோசினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. துருவும்போது அறைச்சுவர்கள் உடைந்து இரண்டும் கலக்க, அல்லைல் ஐசோதயோசயனேட் உருவாகிறது. அதுதான் மூக்கைத் துளைக்கும் நெடி. தமிழ் வீட்டு அடுப்படிக்கு இது புதிதல்ல, கடுகிலும் இதே வேதிவினைதான் நடக்கிறது. கொதிக்கும் எண்ணெயில் பொரியும் கடுகுக்குக் காரம் வராததற்குக் காரணம், சூட்டில் நொதி செத்துவிடுவது. ஆவக்காய் ஊறுகாயில் பச்சைக் கடுகுப் பொடி மாங்காயின் ஈரம் பட்டதும் நெடியேறுகிறதே, குதிரைமுள்ளங்கியும் அப்படித்தான் வேலை செய்கிறது.

வாங்கும்போது கைதான் முதல் சோதனை. வேர் கெட்டியாக, அளவுக்கேற்ற கனத்துடன் இருக்க வேண்டும். வளைத்தால் வளையக் கூடாது. வளைந்தால் நீர் வற்றிவிட்டது என்று பொருள். வெளித்தோல் பழுப்பாகவும் சொரசொரப்பாகவும் இருப்பது இயல்பு. வெட்டுமுகம் வெளுத்த பாலேட்டு நிறத்தில் இருக்கட்டும். பச்சை படர்ந்ததும் முளைவிட்டதும் கசக்கும். பூசணம் பிடித்ததும் நுனி சொதசொதத்ததும் வேண்டாம். பெருத்த கிழட்டு வேர்கள் நார் பாய்ந்து நடுவில் கட்டைபோல் இருக்கும். நடுத்தரப் பருமனே நல்லது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இலையுதிர் காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் அறுவடை நடப்பதால், அந்த மாதங்களில் சந்தைக்கு வருவது புதிதாக இருக்கும்.

நேரான, வழுவழுப்பான வேர் தானாக விளைந்துவிடுவதில்லை. பென்சில் பருமனுள்ள பக்கவேர்த் துண்டுகளைத்தான் விதையாக நடுகிறார்கள். ஆஸ்திரியாவின் ஸ்டையர்மார்க் பகுதியில் கோடையில் உழவர்கள் ஒவ்வொரு செடியின் அடியிலும் மண்ணை விலக்கி, வேரைச் சற்றே தூக்கி, சல்லிவேர்களைக் கையாலேயே நீக்கிவிட்டு மறுபடி மண் அணைப்பார்கள். முதுகொடியும் வேலை அது. அந்த உழைப்புக்கு மதிப்பு தருவது போல, ‘ஸ்டைரிஷர் கிரென்’ என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பு அளித்திருக்கிறது. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியில் இருக்கும் இல்லினாய் மாநிலத்துக் காலின்ஸ்வில், இந்த வேரின் உலகத் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானியர்கள் பொட்டாஷ் செறிந்த அந்த வண்டலில் இதைப் பயிரிடத் தொடங்கினார்கள். 1988 முதல் அங்கே இதற்கென்றே விழாவும் நடக்கிறது.

சேமிப்பில் இதன் பகைவர்கள் இரண்டு: வறட்சி, வெளிச்சம். வறண்டால் சுருங்கும், வெளிச்சம் பட்டால் பச்சை ஏறும். உறைநிலையை ஒட்டிய குளிரும் மிகுந்த ஈரப்பதமும் கொண்ட இருட்டுக் கிடங்குகளில் பல மாதங்கள் கெடாமல் நிற்கும். வீட்டில் கழுவாமல், ஈரத்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். அன்றைக்குத் தேவையான அளவுக்கு மட்டும் தோல் சீவுவது நல்லது. சீவிய இடம் சீக்கிரம் நிறம் மாறும். நீண்ட நாளுக்கு வேண்டுமென்றால் துண்டுகளாக்கி ஃபிரீசரில் வைத்து, வேண்டும்போது உறைந்தபடியே துருவிக்கொள்ளலாம்.

துருவும்போது ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தவர்கள் மூடியைத் திறந்ததும் முகத்தை உள்ளே நீட்டக் கூடாது. ரஷ்ய வீடுகளில் இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறார்கள். இறைச்சி அரைக்கும் கைப்பொறியின் வாயில் பிளாஸ்டிக் பையை மாட்டி, ரப்பர் வளையம் போட்டு இறுக்கிவிடுவார்கள். அரைபட்டது நேரே பைக்குள் விழும், நெடி வெளியே வராது.

அடுத்தது வினிகர், இங்கே கடிகாரத்தின் மேல் ஒரு கண் இருக்க வேண்டும். அமிலம் பட்டதும் நொதியின் வேலை நின்று, அதுவரை உருவான காரம் அப்படியே நிலைத்துவிடும். துருவிய கையோடு வினிகர் ஊற்றினால் இதமாக இருக்கும். மூன்று நிமிடம் பொறுத்து ஊற்றினால் கடும் காரம். ஊற்றாமலே விட்டால் காரம் ஆவியாகிப் போய் நிறம் மங்கி, கசப்புதான் மிஞ்சும். ஒரு கோப்பைத் துருவலுக்கு ஓரிரு மேசைக்கரண்டி வினிகரும் கொஞ்சம் உப்பும் போதும். கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிரில் வைத்தாலும் வாரங்கள் போகப்போகக் காரம் தளரும். ஹைன்ஸ் நிறுவனத்தாரின் முதல் சரக்கு 1869இல் பென்சில்வேனியாவில் விற்ற இந்தத் துருவல்தான். கலப்படம் இல்லை என்று வாங்குவோர் கண்ணால் பார்க்கட்டும் என நிறமற்ற கண்ணாடிப் புட்டியில் அடைத்து விற்றார்கள்.

சமையல் என்று சொன்னாலும் இதை வேகவைப்பது வீண். சூடு பட்டால் நொதியும் போகும், நெடியும் பறக்கும், இனிப்புக் கலந்த கிழங்குச் சுவையே எஞ்சும். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு சேர்ப்பதுதான் முறை. வியன்னாவில் ‘டாஃபெல்ஷ்பிட்ஸ்’ எனும் வேகவைத்த மாட்டிறைச்சிக்குத் துணையாக, துருவிய ஆப்பிளில் எலுமிச்சைச் சாறும் இந்த வேரின் துருவலும் கலந்த ‘ஆப்ஃபெல்கிரென்’ வரும். கொழுப்பின் கனத்தை நெடியும், நெடியின் கூர்மையை ஆப்பிளின் இனிப்பும் தணிக்கும் அருமையான சேர்க்கை. பிரிட்டனில் ரோஸ்ட் மாட்டிறைச்சியோடு கிரீம் கலந்த சாஸாக உண்கிறார்கள். போலந்தில் ஈஸ்டர் மேசைக்குப் பீட்ரூட்டோடு சேர்த்த ‘ச்விக்வா’ வந்தாக வேண்டும். ரஷ்யாவில் தக்காளி, பூண்டு, வேர் மூன்றையும் பச்சையாக அரைத்த துவையல் உண்டு. வெள்ளரி ஊறுகாய் ஜாடிக்குள் இதன் அகன்ற இலையையும் போடுவார்கள்.

யூதர்களின் பெசாக் விருந்தில், எகிப்தில் பட்ட அடிமைத் துயரை நினைவூட்டக் கசப்புக் கீரை உண்பது மரபு. வசந்தத்திலும் குளிர் விலகாத கிழக்கு ஐரோப்பாவில் கீரை கிடைப்பது அரிது என்பதால், மண்ணுக்கடியில் காத்திருந்த இந்த வேர் அந்த இடத்துக்கு வந்தது. கண்ணில் நீர் வரவழைக்கும் பொருள் துயரத்தின் சின்னமாக அமைந்தது எவ்வளவு பொருத்தம்!

ஜப்பானிய உணவகங்களில் பச்சை உருண்டையாக வைக்கப்படும் வசாபி, பல இடங்களில் இந்த வேரின் பொடியும் கடுகும் நிறமியும் சேர்ந்த கலவைதான். உண்மையான வசாபி விலை கூடியது.

நம் முருங்கைக்கும் இதற்கும் ஒரு பழைய உறவு உண்டு. இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் ஊர் ஏக்கம் தீர முருங்கை வேரைத் துருவி மாட்டிறைச்சிக்குத் தொட்டுக்கொண்டார்கள். முருங்கைக்கு ஆங்கிலத்தில் குதிரைமுள்ளங்கி மரம் என்ற பெயர் அப்படி வந்ததுதான். அந்த வழக்கத்தை இன்று பின்பற்ற வேண்டாம். முருங்கை வேர்ப்பட்டையில் நச்சுத்தன்மை கொண்ட ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. வேர் கிடைக்காதவர்களுக்குக் கடுகே போதும். பச்சைக் கடுகைக் குளிர்ந்த நீர் விட்டு அரைத்துப் பத்து நிமிடம் மூடி வைத்து, நெடி ஏறியதும் வினிகரும் உப்பும் சேர்த்தால் மூக்கில் ஏறும் அதே காரம் வரும். வெந்நீர் மட்டும் விடக் கூடாது.