தட்டுக்கும் வாய்க்கும் இடையில்: மருத்துவமனை உணவூட்டலில் செவிலியர் பணி, 1859–2019

பாடப்புத்தகங்கள் வழியே ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலைக் கைவிளக்கேந்திய காரிகையாகவே நாம் அறிந்திருக்கிறோம். அவர் எழுதிய ‘நோட்ஸ் ஆன் நர்சிங்’ நூலைத் திறந்தால் கையில் கரண்டி பிடித்த வேறொரு பெண்மணி தெரிகிறார். 1859 இறுதியில் அச்சான அந்நூலில் உணவுக்கென்றே இரண்டு இயல்கள் உள்ளன. உணவுக்குப் பஞ்சமே இல்லாத இடத்தில், அதை நோயாளி சாப்பிடும்படி செய்வதில் அக்கறை இல்லாததால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் பட்டினி கிடக்கிறார்கள் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு.

இது வெறும் ஊகமன்று. கிரீமியப் போரின்போது, 1854 நவம்பரில், 38 பெண்களுடன் ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய் அங்கிருந்த அவலத்தை நேரில் பார்த்தவர் அவர். மறு ஆண்டு லண்டனின் புகழ்பெற்ற சமையற்கலைஞர் அலெக்சிஸ் சோயர் அங்கே சென்று சமையற்கூடங்களைச் சீர்ப்படுத்தினார். சமையல் திருந்தினாலும், சமைத்தது நோயாளியின் வாய்வரை போய்ச் சேர வேண்டுமே. நைட்டிங்கேலின் நூல் அந்தக் கடைசி ஒரு முழத் தூரத்தைப் பற்றியது.

அவர் சொன்னவை எல்லாம் மிகச் சின்ன விஷயங்கள். மிகவும் தளர்ந்துபோன நோயாளிக்குக் காலை 11 மணிக்கு முன் கெட்டியான உணவு இறங்காது. அவருக்கு மணிக்கொரு கரண்டி நீராகாரம் கொடுத்துத் தெம்பேற்ற வேண்டும். சாப்பிடாத உணவைக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகக் கூடாது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இருக்கிற பசியும் போய்விடும். சொன்ன நேரத்துக்கு உணவு வர வேண்டும். இவற்றுள் என்னை நிறுத்திவைத்தது சாஸர் பற்றிய குறிப்பு. கோப்பையின் அடிப்பக்கம் காய்ந்திருக்க வேண்டும், சாஸரில் ஒரு துளியும் சிந்தியிருக்கக் கூடாது என்கிறார். ஈரமான கோப்பையைத் தூக்கினால் படுத்திருப்பவரின் விரிப்பும் சட்டையும் தலையணையும் நனையும். அதைத் தவிர்க்க அவர் சாஸரையும் சேர்த்தே தூக்க வேண்டும். கை நடுங்குகிறவருக்கு இரண்டையும் தூக்குவது எவ்வளவு பெரிய பாடு என்பது பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும். நோயாளியின் சுகமும் அவர் வயிற்றுக்குள் போகும் உணவின் அளவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதை இந்த ஒரு குறிப்பே காட்டிவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் பார்வை கைநழுவியது. ஊசி, மருந்து, கருவி, பதிவேடு எனச் செவிலியரின் பொறுப்புகள் பெருகின. முன்பு வார்டுத் தலைமைச் செவிலியரே பரிமாறிய உணவு, பிற்பாடு பிரிட்டிஷ் மருத்துவமனைகள் பலவற்றில் சமையற்கூடத்திலேயே தட்டில் வைக்கப்பட்டுத் தள்ளுவண்டியில் வந்தது. வைப்பவர் ஒருவர், எடுப்பவர் வேறொருவர் என்றானபின் தட்டில் எவ்வளவு மிஞ்சியது என்று பார்க்க ஆளில்லாமல் போயிற்று.

1974இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பட்டர்வொர்த் ‘மருத்துவமனை அலமாரியில் ஓர் எலும்புக்கூடு’ என்று பொருள்படும் தலைப்பில் எழுதிய கட்டுரை இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நோயாளியின் உயரத்தையும் எடையையும் குறிக்காதது, பரிசோதனைக்காக வேளை வேளையாக உணவை நிறுத்துவது, குளுக்கோஸ் டிரிப்ஸிலேயே நாள்களை ஓட்டுவது, பராமரிப்புப் பொறுப்பு பலரிடம் சிதறிப்போவது என்று அவர் அடுக்கிய குறைகளில் எதைத் தீர்க்கவும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை.

இருபது ஆண்டு கழித்து, 1994இல், ஸ்காட்லாந்தின் டண்டீயில் மெக்விர்ட்டரும் பென்னிங்டனும் அனுமதிக்கப்பட்ட 500 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 200 பேர் ஊட்டக்குறைவோடுதான் உள்ளே வந்திருந்தார்கள். வீடு திரும்பும்போது மீண்டும் எடை பார்க்க முடிந்த 112 பேர் சராசரியாக 5.4 விழுக்காடு எடை இழந்திருந்தார்கள். ஊட்டக்குறைவிருந்த 200 பேரில் 96 பேரின் கேஸ் ஷீட்டில் மட்டுமே உணவூட்டம் பற்றி ஏதேனும் ஒரு வரி இருந்தது. நம் ஊர் வார்டுகளில் ஊட்டிவிடும் வேலை பெரும்பாலும் கூட இருக்கும் மகளுக்கோ மனைவிக்கோ உரியது. எத்தனை வாய் கஞ்சி இறங்கியது என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு கேஸ் ஷீட்டில் ஏறுவது அரிது.

2003இல் பிரிட்டனில் ஊட்டக்குறைவைக் கண்டறிய ‘மஸ்ட்’ என்ற மதிப்பீட்டு முறை வந்தது. எடை, உயரம், அண்மை மாதங்களில் குறைந்த எடை, நோயின் கடுமை ஆகியவற்றைக் கொண்டு செவிலியரே ஆபத்தைக் கணிக்கலாம். எழுந்து நிற்க முடியாதவருக்கு மேற்கைச் சுற்றளவு போதும், அது 23.5 செ.மீ.க்குக் குறைந்தால் உடல் எடைக் குறியீடு 20க்குக் கீழே இருக்க வாய்ப்புண்டு. தையற்காரர் வைத்திருக்கும் டேப்பே இதற்குப் போதும்.

அளந்தால் மட்டும் எடை ஏறிவிடாது. சாப்பாட்டு நேரத்தில் பரிசோதனைகளையும் மருத்துவர் சுற்றுகளையும் தள்ளிவைக்கும் ஏற்பாடு பிரிட்டனில் பரவியது. ஆனால் ஆஸ்திரேலியாவில் 2017இல் வெளியான ஒரு சமவாய்ப்பு ஆய்வில், இந்த ஏற்பாட்டால் நோயாளிகள் உட்கொண்ட ஆற்றலும் புரதமும் குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. எனக்கு இது வியப்பளிக்கவில்லை. இடையூறு இல்லாத அரைமணி நேரம் கிடைத்தாலும், அந்த நேரத்தில் நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, பல்செட்டை எடுத்துக் கொடுத்து, மூடியைத் திறந்துவைக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. 2006இல் வெளியான அதில், இடுப்பெலும்பு முறிந்த 302 மூதாட்டிகள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான செவிலியர் பராமரிப்புடன் உணவு உதவியாளர் ஒருவரும் கிடைத்தார். விருப்பம் கேட்டு உணவு தேர்ந்தெடுக்க உதவுவதும் உண்ணத் துணைநிற்பதும்தான் அவர் வேலை. அப்பிரிவினர் நாளொன்றுக்குச் சராசரியாக 1105 கிலோகலோரி உட்கொண்டார்கள், மற்றவர்கள் 756. மேற்கைச் சதை இவர்களுக்கு அவ்வளவாக வற்றவில்லை. வார்டிலேயே இறந்தவர்கள் இப்பிரிவில் 4.1 விழுக்காடு, மற்றதில் 10.1, நான்கு மாத முடிவில் 13.1, 22.9. செவிலியர்களுக்கு நேரமில்லாத ஒரு வேலையை வேறொரு கை ஏற்றுக்கொண்டதன் பலன் இது.

2019இல் சுவிட்சர்லாந்தின் எட்டு மருத்துவமனைகளில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடையே நடந்த ஆய்வின் முடிவு வந்தது. ஆளுக்கேற்ற உணவூட்டம் பெற்றவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 7 விழுக்காடு, வழக்கமான மருத்துவமனை உணவு பெற்றவர்களில் 10.

இதற்கிடையே பிரிட்டிஷ் வார்டுகளில் சிவப்புத் தட்டு என்றொரு பழக்கம் வந்திருந்தது. உண்ண உதவி தேவைப்படுவோருக்கு உணவு சிவப்புத் தட்டில் வரும். தள்ளுவண்டிக்காரர் அதைத் தன் போக்கில் எடுத்துச் செல்லக் கூடாது. செவிலியர் வந்து, எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் தட்டு நகரும்.